சிவப்பு வலது

ரிச்சி தெருவில் நாலாவது கடை.
தொங்கும் ஒயர்க் கொத்துகளுக்குள்ளிருந்து
தலையை மட்டும் நீட்டினான் ஷாகுல்.
ஒரு முனையில் ஒற்றைக் குச்சி,
மறுமுனையில் இரண்டு: சிவப்பு, வெள்ளை.
“சிவப்பு வலது. மாறிப்போனா ஒண்ணும் வெடிக்காதுக்கா”
என்று நூற்றி இருபது சொல்லித்
தொண்ணூறுக்குக் கொடுத்தான்.

ஆம்ப் நங்கநல்லூரில் வாங்கியது,
வீட்டைக் காலி செய்கிறவர்களிடம்.
பன்னிரண்டு கிலோ.
மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தான் தணிகை.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் “மெதுவா, மெதுவா.”
உள்ளே என்ன சார், சாமியா
என்று கேட்டாராம் ஆட்டோக்காரர்.

குரோம்பேட்டை, இரண்டாம் மாடி, ஞாயிறு மூன்று மணி.
சுவருக்கும் ஆம்புக்கும் நடுவே
கையை விட்டுத் துழாவுகிறான்.
நான் கைபேசி வெளிச்சம் பிடிக்கிறேன்.
ஃபோனோ, டேப், ஆக்ஸ் என்று வரிசையாய்த் துளைகள்.
முதலில் ஃபோனோவில் செருகிவிட்டான்.
தகரத்தைக் கிழித்ததுபோல் அலறியது பாட்டு.
கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.

பிறகு ஆக்ஸ்.
பிறகு ஒரு ம்ம்ம்ம்,
பாட்டுக்கு அடியில்,
கொசு ஒன்று தியானத்தில் உட்கார்ந்ததுபோல.
டிவியைப் பிடுங்கினான். இருந்தது.
ஃபிரிட்ஜைப் பிடுங்கினான். இருந்தது,
மாவுதான் புளிக்கப் பார்த்தது.
பிளேயருக்குச் சார்ஜ் போட்டிருந்த ஒயரை
நான் உருவினேன்.
ம்ம் செத்தது.
அவன் ஆம்பைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பிளேயர் கட்டைவிரல் அகலம்.
திரையில் ஒரு விரிசல்.
ஆறு வருஷம் காலை எட்டே கால் வண்டியில்
குரோம்பேட்டையிலிருந்து பூங்கா நிலையம்வரை
ஒரே இயர்போன், இரண்டு பேர்.
எல் என்று எழுதியது எனக்கு, ஆர் அவனுக்கு.
முதல் நாள் அப்படி வாய்த்தது,
அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.
கல்யாணம் ஆனதும் அந்த ஏற்பாட்டில்தான்.

ஒரே ஒரு சண்டை திரும்பத் திரும்ப வரும்.
அந்த மழைப் பாட்டில்
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
புல்லாங்குழல் அழுகிறது என்பான்.
அதில் புல்லாங்குழலே இல்லை என்பேன் நான்.
பின்னால் பெண்கள் முனகுகிறார்களே, அது எப்படி என்றால்
எந்தப் பெண்கள் என்பான்.
ஒருமுறை கிண்டியில் ஆரம்பித்து
சைதாப்பேட்டையில் இறங்கியே போய்விட்டான்.
அன்றைக்கு மாம்பலம்வரை
அவன் பக்கத்து ஒயர் என் மடியில் கிடந்து
யாருக்கோ பாடிக்கொண்டிருந்தது.
எடுத்து மறு காதில் வைத்துக்கொள்ள
எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அதே பாட்டு.
பிளேயரில் சத்தத்தை முக்காலில் நிறுத்தி
மீதியை ஆம்பிடம் விட்டான்.
முதல் சரணம் முடிந்தது.
பீரோ பக்கமிருந்து புல்லாங்குழல் வந்தது.
ஜன்னல் பக்கமிருந்து அந்தப் பெண்கள் வந்தார்கள்,
ஒன்றிரண்டு அல்ல, ஏழெட்டுப் பேர்,
மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.
மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று
எங்கள் தலைக்குமேல் போய்
எல்லோரையும் கொஞ்ச நேரம் அமுக்கியது.
அது போனதும் மறுபடி இருந்தார்கள்.

“இத்தன நாளா இவங்க எங்க இருந்தாங்க?”
“என் காதுல.”

அவன் சிரிக்கவில்லை.
பாட்டை முதலிலிருந்து வைத்தான்.
பிளேயரில் இன்னும் நானூற்றுப் பதினொன்று இருக்கிறது.
எதெதற்கெல்லாம் இல்லை என்று
சாதித்திருக்கிறேனோ தெரியவில்லை.

வியாழக்கிழமை நான் வெங்காயம் நறுக்கும்போது
ஜன்னல் பக்கமிருந்து வந்தது குழல்.
கையைத் துடைத்துக்கொண்டு போய்
பின்னால் எட்டிப் பார்த்தேன்.
வெள்ளை இருக்க வேண்டிய துளையில் சிவப்பு.
அவன் செய்தித்தாளைப் பிரித்து
முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான்.
ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு வந்தேன்,
தூசி வருகிறது என்று சொல்லி.